நியாயத்தீர்ப்புக்கு அஞ்ச வேண்டியவர் யார்?

எம்மவர் மத்தியில் நடைபெறும் ஜெபக் கூட்டங்கள் சிலவற்றில் ஒரு கருத்து அடிக்கடி கூறப்பட்டு வருகின்றது. எமது மண் அழிந்ததும், மக்கள் மாண்டதும், நாம் நாடு நாடாகச் சிதறியதும் கடவுளின் நியாயத்தீர்ப்பே என்பது அக்கருத்து. பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்க, இவ்வாறு பேசுவதற்கு எங்கிருந்து துணிவு பிறக்கின்றது என்று நாம் வியப்பதுண்டு. (முற்பிறப்பு வினை என்று சொல்லி அதே தாயின் வாயை அடைப்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள், அது வேறு கதை.) இது வெறும் இங்கிதக் குறைவு மாத்திரமன்று. வேதாகமத்தைப் பிழையாக வாசித்ததன் விளைவு என்பதே எமது கருத்தாகும்.

லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில், பலி செலுத்திய கலிலேயரைப் பிலாத்து கொல்வித்த செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். வழிபாட்டு வேளையில் அரசின் ஆயுதத்துக்கு இரையானவர்கள் அவர்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்ததை அறிந்த எமக்கு இச்செய்தி அந்நியமானதன்று. மாண்டவர்கள் ஏனையோரிலும் பெரும் பாவிகளா என்ற கேள்வியை இயேசுவே எழுப்பி, அவரே அதனை மறுக்கின்றார். சீலோவாம் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்ததைக் குறித்தும் அதையே கூறுகின்றார். மனந்திரும்ப வேண்டும் என்ற எச்சரிக்கை அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அது செய்தி கொண்டுவந்து நின்றவர்களை, உயிரோடிருந்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. எமது போதகர்களோ அதனை இறந்தவர்களின் நெற்றியில் ஒட்டிவிடுகின்றனர்.

சிறையிருப்பைத் தீர்க்கதரிசிகள் கடவுளின் தீர்ப்பு என்று கூறவில்லையா எனக் கேட்கலாம். கூறினார்கள். ஆனால் யாரைப் பார்த்துக் கூறினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆமோஸ் குற்றஞ்சாட்டியது, ஒரு சோடிப் பாதரட்சையின் விலைக்கு ஏழையை விற்றவர்களையும், நீதிமன்ற வாசலிலே லஞ்சம் வாங்கியவர்களையும். எரேமியா எச்சரித்தது அரசனையும் பிரபுக்களையும். அதற்காக அவரைச் சேறு நிறைந்த துரவுக்குள் இறக்கினார்கள். அழிவு வருமுன்னரே அதிகாரத்தின் முகத்துக்கு நேரே பேசியவர் அவர். நகரம் வீழ்ந்தபின் அதற்காக அழுதவராகவும் அவரையே மரபு நினைவுகூர்கின்றது. அழிவு முடிந்து பல ஆண்டுகளின் பின், பாதுகாப்பான தேசமொன்றில் ஒலிவாங்கி பிடித்து அகதிகளை அதட்டுவது தீர்க்கதரிசனமாகாது.

தீர்ப்பு எதற்காக என்பதை வேதாகமத்தின் சொற்களே விளக்குகின்றன. எபிரேய மொழியில் நியாயந்தீர்த்தல் என்னும் சொல் குலைந்ததை நேர்ப்படுத்துதல், பறிக்கப்பட்ட உரிமையை மீட்டுக்கொடுத்தல் என்ற பொருளையும் தாங்கி நிற்பது. நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் தெபொராளும் கிதியோனும் ஒடுக்கப்பட்ட மக்களை மீட்டவர்கள். கடவுள் நியாயந்தீர்க்க வருகின்றார் என்றதும் வயல்களும் காட்டு மரங்களும் களிகூர்வதாக 96ஆம் சங்கீதம் பாடுகின்றது. தீர்ப்பு என்றால் தண்டனை மட்டுமே என்றிருந்தால் மரங்கள் ஏன் மகிழ வேண்டும்?

அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வாழ்வின் கதையை மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே சில மணித்தியாலத்துள் சொல்லி முடிக்க வேண்டும். சொல்ல முடியாமற்போனவை எத்தனையோ. திகதி பிசகியதால் பொய்யர் எனப்பட்டவர்களும் உண்டு. எதுவும் விடுபடாமற் கேட்கும் ஒருவர் இருக்கின்றார், கொன்றவனின் பதவியும் அரசுகளின் மௌனமும் அவர்முன் செல்லாது என்பதே இறுதித் தீர்ப்பைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கை. லூக்கா 18இல் நீதிபதியின் கதவை விடாது தட்டிய விதவை கேட்டது பழிவாங்கலையன்று, நியாயத்தை.

இதனைப் பகைவனின் அழிவுக்கான உறுதிமொழியாக எடுத்துக்கொள்வோருக்கு யோனாவின் கதை இடறலாகவே இருக்கும். நினிவே அசீரியரின் மாநகர். அசீரியரோ யோனாவின் மக்களை நடுங்கவைத்தவர்கள். அந்நகர் மனந்திரும்பியது, கடவுள் அழிக்காது விட்டார், யோனா கோபித்துக்கொண்டார். குற்றம் வெளிப்பட வேண்டும், குற்றவாளி திருந்தவும் வழி வேண்டும் என்ற இரண்டும் அத்தீர்ப்பில் ஒன்றாகவே நிற்கின்றன. எம்மில் பலருக்கு முதலாவது போதும் என்றிருக்கின்றது. அதனை நாம் குறைகூறத் துணியோம். இழந்தவர்களின் கோபம் அது.

எனினும், மத்தேயு 25இல் விவரிக்கப்படும் தீர்ப்பில் சகல ஜாதியாரும் நிறுத்தப்படுகின்றனர். அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்பது அங்கு கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று. கதவடைக்கும் ஐரோப்பிய அரசுகளுக்கு மட்டுமான கேள்வியாக அதனை வாசிப்பது எமக்கு வசதியானதுதான். விசா இல்லாத இளைஞனைப் பாதிக் கூலிக்குப் பதினான்கு மணித்தியாலம் நிற்கவைக்கும் கடைகள் எம்மவரிடமும் உள்ளன. அவற்றின் முதலாளிகளிற் சிலர் அதே ஜெபக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்கின்றனர். அவர்களைப் பார்த்து நியாயத்தீர்ப்பைப் பற்றி எவரும் பேசியதாக நாம் அறியவில்லை.