மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி: நிதி வருகிறது, ஆய்விதழ்கள் வருகின்றன, நெறியாளர் எங்கே?

புதுடெல்லி: உயர்கல்வி நிறுவனங்களில் ஆராய்ச்சியை வளர்க்க மத்திய அரசு கடந்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்து நடவடிக்கைகளை எடுத்துள்ளது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023இல் மாதம் ரூ.31,000இலிருந்து ரூ.37,000ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் வழியாக அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உருவானது. 2024 நவம்பரில், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ரூ.6,000 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இவை அனைத்தும் தேவையானவையே. ஆனால், சிறிய நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்க விரும்பும் மாணவர் முதலில் தேடுவது வேறொன்றை: தம்மை ஏற்றுக்கொள்ள ஒரு நெறியாளர்.

மாணவர்கள் ஓரிடம், நிதி வேறிடம்

நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் சுமார் 81 சதவீதம் பேர் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளையும் சார்ந்தவர்கள் என்கிறது நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை. ஆராய்ச்சி நிதியோ எதிர்த்திசையில் பாய்ந்துவந்தது. அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் நிதியில் 65 சதவீதம் ஐஐடிகளுக்கும் 11 சதவீதம் மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றதாக 2023இல் அரசே தெரிவித்தது. அந்த வாரியத்தை உள்ளடக்கிப் புதிய அறக்கட்டளை அமைக்கப்பட்டதற்கு இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

ஒரு காலியிடம், எட்டு மாணவர்கள்

நிதியைக் காட்டிலும் கடுமையான பற்றாக்குறை ஆசிரியர் பணியிடங்களில் உள்ளது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமான ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருப்பதாக நிதி ஆயோக் அறிக்கை சுட்டிக்காட்டுகிறது. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகளை நடத்திவிடலாம். ஆராய்ச்சியை அவ்வாறு நடத்த இயலாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 8 முனைவர் பட்ட மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் புதிய மாணவர்களை ஏற்க முடியாது.

ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர்கள், நான்கு உதவிப் பேராசிரியர்களுக்கு அனுமதி பெற்ற துறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கு 36 பேர் ஆய்வு செய்ய முடியும். பேராசிரியர் பணியிடமும், இணைப் பேராசிரியர் இடம் ஒன்றும், உதவிப் பேராசிரியர் இடங்கள் இரண்டும் காலியாக இருந்தால் 22 இடங்கள் பறிபோகும். எஞ்சுவது 14 மட்டுமே. எந்த உதவித்தொகையாலும் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

ஆய்விதழ் கைக்கு வந்த பிறகு

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் கீழ் சுமார் 13,000 ஆய்விதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. இது பெரிய மாற்றம். எனினும் எந்தக் கேள்வி ஆராயத்தக்கது, தோல்வியுற்ற சோதனை எதைச் சொல்கிறது, மதிப்பீட்டாளரின் கண்டனத்துக்கு எவ்வாறு விடையளிப்பது என்பவற்றை ஆய்விதழ் கற்றுத்தராது. அனுபவம் மிக்க ஒருவரின் அருகிலிருந்தே அவற்றைக் கற்க முடியும்.

நம்பகமான ஆய்விதழ்களைப் பட்டியலிட்டுவந்த 'கேர்' முறையைக் கைவிடுவதாக மானியக் குழு 2025 பிப்ரவரியில் அறிவித்தது. போலி இதழை இனங்காணும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே உள்ளது. நல்ல நெறியாளர் வாய்க்காத மாணவர், பணம் கொடுத்துக் கட்டுரை வெளியிடும் வலையில் சிக்குவதற்கான வாய்ப்பு இதனால் கூடுகிறது.

புணே காட்டிய வழி

இத்தகைய சூழலுக்கு இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வானியல், வான் இயற்பியலுக்கான பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையமான 'ஐயூகா' 1988இல் புணேயில் நிறுவப்பட்டது. கடந்த 2025 மே மாதம் மறைந்த ஜயந்த் நார்லிகர் அதன் நிறுவன இயக்குநர். பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களை அம்மையம் வருகைதரு இணை ஆய்வாளர்களாகத் தேர்ந்தெடுக்கிறது. அவர்கள் விடுமுறைக் காலங்களில் புணேக்கு வந்து நூலகத்தையும் கணினி வசதியையும் பயன்படுத்துகிறார்கள். அங்குள்ள அறிஞர்களுடன் விவாதிக்கிறார்கள். தம் ஆய்வு மாணவர்களையும் உடன் அழைத்து வருகிறார்கள். பின்னர் தத்தம் கல்லூரிக்கே திரும்பிச் செல்கிறார்கள்.

திறமையானவர்களைச் சிறிய ஊர்களிலிருந்து பெயர்த்தெடுக்காமல், அவர்கள் இருக்கும் இடத்திலேயே வளர்த்தது இம்முறையின் சிறப்பு. தரவும் கணினியும் இருந்தால் வானியலில் பல ஆய்வுகளைச் செய்துவிடலாம் என்பதும் உண்மை. வேதியியலுக்கும் உயிரியலுக்கும் கருவிகளும் வேதிப்பொருட்களும் அன்றாடம் தேவை. ஆயினும் தொடர்ச்சியான உறவு என்ற அடிப்படை எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும்.

புதிய திட்டத்தின் உரைகல்

அறக்கட்டளையின் 'பேர்' திட்டம், முன்னணி நிறுவனம் ஒன்றை மையமாகவும் வளரும் பல்கலைக்கழகங்களைக் கிளைகளாகவும் கொண்டு, மூத்த நிறுவனத்தின் வழிகாட்டலில் மற்றவற்றை உயர்த்த முனைகிறது. நோக்கம் சரியானது. ஆனால் மைய நிறுவனத்துப் பேராசிரியரின் பதவி உயர்வு அவருடைய சொந்தக் கட்டுரைகளையும் திட்டங்களையும் சார்ந்தே அமைகிறது. வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவருக்காக அவர் செலவிட்ட நேரத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கூட்டாண்மை ஒப்பந்தத்தோடும் கருவிக் கொள்முதலோடும் நின்றுவிடும்.

ஆகவே திட்டத்தை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எத்தனை மாணவர்களுக்கு இரு நிறுவனங்களிலும் கூட்டு நெறியாளர்கள் கிடைத்தார்கள்? எத்தனை கிளை நிறுவன ஆசிரியர்கள் தாமே நிதி பெறும் நிலைக்கு உயர்ந்தார்கள்? திட்டக் காலம் முடிந்த பிறகும் எத்தனை ஆய்வுகள் தொடர்கின்றன?

மாநில அரசுகளுக்கும் இதில் தவிர்க்க முடியாத பங்கு உண்டு. வெளியிலிருந்து வரும் வழிகாட்டி எவ்வளவு சிறந்தவராக இருப்பினும், அவரிடம் கற்றுக்கொண்டு அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற உள்ளூரில் நிரந்தர ஆசிரியர் ஒருவர் இருந்தாக வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பும் அரசாணைகள் வெளிவராத வரை, மைய நிறுவனம் நீட்டும் கையைப் பற்றிக்கொள்ளக் கிளைகளில் ஆள் இருக்கமாட்டார்கள்.