பாட்டுப் புரிந்தால் தரம் குறைந்துவிடுமா?

ஒப்பெராவை மூலமொழியிலேயே கேட்கவேண்டும், மொழிபெயர்த்துப் பாடினால் கலை கெட்டுவிடும் என்போர் கொழும்பிலும் உண்டு; சென்னையிலும் உண்டு. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இக்குரலைக் கேட்டு வந்திருக்கிறேன். இதனை இரசனை என்று ஏற்க என்னால் இயலவில்லை.

19ஆம் நூற்றாண்டு இலண்டனைப் பாருங்கள். கொவன்ட் கார்டன் அரங்கின் பெயரே 1892 வரை 'றோயல் இத்தாலியன் ஒப்பெரா'. ஜெர்மானியரான வாக்னரின் 'லோஹெங்கிரின்' 1875இல் அங்கு மேடையேறியபோது, ஆங்கிலேயர் முன்னிலையில் இத்தாலிய மொழியிற் பாடப்பட்டது. ஆக்கியவர் மொழியும் இல்லை, கேட்பவர் மொழியும் இல்லை! அங்கே காப்பாற்றப்பட்டது எதுவென்று வாசகர்களே சொல்லட்டும்.

அதே காலத்தில், ஹம்பர்க் நகரிற் பிறந்த கார்ல் றோசா, பாடகியான தம் மனைவியுடன் சேர்ந்து ஒரு குழுவை நிறுவினார். 1873 செப்டெம்பரில் மன்செஸ்டரில் தொடங்கிய அக்குழு, ஊர் ஊராகச் சென்று ஆங்கிலத்திலேயே பாடியது. வாக்னரின் 'பறக்கும் டச்சுக்காரன்' 1876இலும், பிரெஞ்சு ஒப்பெராவான 'கார்மன்' 1879இலும் அவர்களால் ஆங்கிலத்தில் ஒலித்தன. புச்சினியின் 'லா போஹேம்' பிரித்தானியாவில் முதன்முதல் மேடையேறியது 1897இல், மன்செஸ்டரில், இக்குழுவினரால், ஆங்கிலத்தில். புச்சினியே நேரில் வந்திருந்தார்.

மொழிபெயர்ப்பில் இழப்பே இல்லையா? உண்டு. மெட்டுக்கு அமைந்த உயிரோசை மாறும். சொல்லின் அழுத்தம் இடம் பெயரும். ஆயினும் ஒரு சொல்லும் விளங்காமல் மூன்று மணிநேரம் அமர்ந்திருப்பவன் இழப்பது அதனினும் பெரிது. அவனுக்குக் கதையே போய்விடுகிறது.

நம் தீவும் இதை அறிந்ததே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வந்து இந்துஸ்தானியிற் பாடின. அந்த இசைமரபைத் தழுவி டொன் பஸ்தியனும் ஜோன் டி சில்வாவும் சிங்களத்தில் நூர்த்தி நாடகங்களை வளர்த்தனர். தமிழ்நாட்டில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், தமிழிற் பாடினால் தரம் போகும் என்ற பழைய பல்லவியே எதிரே கேட்டது. தரம் போகவில்லை.

நான் இருக்கும் தம்புள்ளையிலே 2000ஆம் ஆண்டில் 167 நாளில் கிரிக்கெட் மைதானம் எழுந்தது. இங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி லொறிகள் நாடெங்கும் செல்கின்றன. தலைநகரின் தமிழ் மேடை மட்டும் இங்கே வருவது அரிது. கேட்டால், "அங்கே யார் இரசிப்பார்கள்?" என்கிறார்கள். மன்செஸ்டரின் நெசவாலைத் தொழிலாளரைப் பற்றி றோசா அப்படி எண்ணியிருந்தால் புச்சினி அங்கே வந்திருக்கமாட்டார்.

கலைஞர்களே, மூட்டையைக் கட்டுங்கள். எங்களுக்கு விளங்கும் மொழியிற் பாடுங்கள். நன்றாயில்லை என்றால் அதையும் எங்கள் மொழியிலேயே சொல்லுவோம்.