வரைபடத்தில் நம்ம தோட்டம் எங்கே?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே, ஒரு கேள்வி. உங்கள் மாவட்ட மன்றத்தின் வாசற்படியைக் கடைசியாக எப்போது மிதித்தீர்கள்? நான் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். "நமக்கு அங்க என்னண்ணே ஜோலி?" என்றார் ஒருவர்.

ஜோலி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'உள்ளூர்த் திட்டம்' தயாராகிறது. இது விவசாயம், இது வீடமைப்பு, இது தொழிற்சாலை என்று வரைபடத்தில் நிறம் பூசி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கெடுவுக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம். நாம் குடியிருக்கும் தோட்டமும் அந்தப் படத்தில்தான் இருக்கிறது. அதன் நிறம் மாறும்போது சும்மா இருந்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தபின் கூட்டம் போடுகிறோம். பாதி வழக்கு அதற்குள் தோற்றாச்சு.

தோட்டம் போனால் நம்மோடு நிற்பதில்லை. பக்கத்துப் பட்டணமும் சேர்ந்து வாடும். எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்த்தேன். தோட்டம் கைமாறி லயங்கள் காலியான பிறகு முதலில் சைக்கிள் கடை மூடியது, அடுத்து தையல்கடை. சம்பள நாள் கூட்டத்தை நம்பியிருந்த மளிகைக் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒற்றைக் காலில் நின்ற ஊர். கால் போச்சு, ஊர் விழுந்தது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது என்றார்கள். பெரிய பேரங்காடியெல்லாம் எட்டாத தூரம். லயத்துக்குப் பின்னால் வெண்டையும் கீரையும் போட்டிருந்தவர்களும், முகம் பார்த்துக் கடன் கொடுத்த ஒட்டுக்கடைக்காரரும்தான் அன்று சோறு போட்டார்கள். இன்று அந்தத் தோட்ட மூலையை வரைபடத்தில் தேடினால் வெறும் காலியிடம்! காலியிடம் என்றால் யாருக்கும் கொடுக்கலாம், இல்லையா?

ஆகவே கேளுங்கள். காய்கறி போட ஒரு துண்டு நிலம், நம் பெண்கள் பலகாரம் விற்கக் கூரை போட்ட சிறு கடைகள். தமிழ்ப்பள்ளியும் கோயிலும் படத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்குப் பெர்மிட் இல்லாத கட்டடம் என்பார்கள்.

கூலிக்காரனால் என்ன ஆகும் என்று யாரும் பேசவேண்டாம். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் பங்குப் பணம் சேர்ந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர்களின் காசு அது.

இன்னொன்றும் உண்டு. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். ஓட்டுக் கேட்டு அவர்கள் நம் வாசலுக்கு வரமாட்டார்கள். நாம்தான் போகவேண்டும்.

மலாய் தெரியாதே என்று தயங்கவேண்டாம். ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறதே, கூட்டிக்கொண்டு போங்கள். கோயில் கமிட்டிச் செயலாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிழா வசூலுக்கு ஓடுகிற கால்தானே! கடிதத்தில் எல்லாரும் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நகலில் மன்றத்தின் முத்திரை வாங்காமல் மட்டும் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.