விசாவுக்கு பணமா? கொடுக்காதீங்க அண்ணாச்சி!

ஏரல் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடை. போன வாரம் காலையில் அங்கே காதில் விழுந்த பேச்சு இது.

"விசா வந்தாச்சா மாப்ள?"

"ஒண்ணரை லட்சம் கொடுத்திருக்கேன் மாமா. அடுத்த மாசம் வந்துரும்னு ஏஜெண்டு சொல்லுதாரு."

"யாரு ஏஜெண்டு?"

"நமக்கு சொந்தக்காரர்தான். பயமில்ல."

பையன் பயப்படவில்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பயம் வந்தது!

காரணம் இருக்கிறது. இந்தக் கதையின் அடுத்த பாதியை போலீஸ் நிலைய வாசலில் பல தடவை கேட்டிருக்கிறேன். அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கும். பணம் வாங்கிய ஆசாமி போனை எடுக்கமாட்டார். "ரசீது இருக்கா?" என்று ஏட்டய்யா கேட்பார். "சொந்தக்காரர்கிட்ட எப்படிய்யா ரசீது கேக்கது?" என்பார்கள். அந்த இடத்திலேயே கேசுக்கு பாதி உயிர் போய்விடும்.

யார் வாங்க வேண்டிய விசா?

ஒரு உண்மையை ஊருக்கே தண்டோரா போட்டுச் சொல்லவேண்டும். வளைகுடா நாட்டு வேலை விசா என்பது தொழிலாளி கடையில் வாங்குகிற சரக்கு அல்ல. முதலாளி தன் செலவில் எடுக்கவேண்டிய அனுமதி.

துபாய், அபுதாபி எல்லாம் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் கம்பெனி வேலைக் கடிதம் தரவேண்டும். அதில் சம்பளம், வேலை, விடுமுறை எல்லாம் இருக்கும். தொழிலாளி படித்துப் பார்த்து கையெழுத்து போடவேண்டும். பிறகுதான் கம்பெனி அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் அனுமதி வாங்கும். நுழைவு விசா வரும். அங்கே போய் இறங்கியதும் மருத்துவ சோதனை, அடையாள அட்டை, குடியிருப்பு விசா.

இன்னொரு சங்கதி கேளுங்கள். அந்த வேலைக் கடிதத்தை தமிழிலும் தர 2016-லிருந்தே ஏற்பாடு உண்டு! "அரபியில இருக்கு, உனக்குப் புரியாது" என்று எந்த ஏஜெண்டும் கதை விட முடியாது.

ஆள் எடுக்கும் செலவை தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று அமீரகத்தின் 2021-ம் ஆண்டு தொழிலாளர் சட்டம் சொல்கிறது. சவுதி சட்டமும் இதையே சொல்கிறது. ஆள் எடுக்கும் செலவு, இகாமா கட்டணம், வேலை முடிந்து ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் முதலாளி பொறுப்பு.

அப்படியானால் அந்த ஒண்ணரை லட்சம் எதற்கு? யார் பைக்குப் போகிறது?

இந்திய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டு சேவைக் கட்டணம் வாங்கலாம். அதற்கும் வரம்பு உண்டு. அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. ரசீது தந்தே ஆகவேண்டும். அதற்கு மேல் வாங்குவது கொள்ளை. பதிவே இல்லாமல் ஆள் பிடிப்பது 1983-ம் ஆண்டு குடிபெயர்வு சட்டப்படி குற்றம்.

இந்த லட்சங்கள் வட்டிக்கு வாங்கியவை. மூணு வட்டி என்றால் மாதம் 4,500 ரூபாய். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிவதற்குள் வட்டி மட்டும் ஒரு லட்சத்து எட்டாயிரம்! அசல் அப்படியே நிற்கும். பையன் குடும்பத்துக்கு உழைக்கிறானா, வட்டிக்காரனுக்கு உழைக்கிறானா?

"பிரீ விசா"வாம்!

ஊரில் "பிரீ விசா" என்று ஒன்று பேசுகிறார்கள். பெயர்தான் பிரீ. விலை லட்சக்கணக்கில்!

காகிதத்தில் ஒருவர் முதலாளி. அவரிடம் வேலை கிடையாது. வேலையை நீயே தேடிக்கொள்ளவேண்டும். வேறு இடத்தில் வேலை செய்து பிடிபட்டால் தொழிலாளிக்கும் கேசு. காகித முதலாளி "ஆள் ஓடிவிட்டான்" என்று எழுதிக்கொடுத்தால் கதை முடிந்தது.

அடுத்தது விசிட் விசா. "இப்ப சுத்திப் பாக்க வந்தவன் மாதிரி போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்பார்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் அமீரகம் சட்டத்தை இறுக்கிவிட்டது. எந்தக் கம்பெனி துணிந்து வேலை கொடுக்கும்?

ஏமாந்தால் பணம் மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள். 2022 செப்டம்பரில் திருவாரூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் குவைத்துக்குப் போனார். வேறு வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விட்டார்கள். சில நாட்களிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊருக்கு வந்தது பிணம்!

போகாதே என்று சொல்லவில்லை

"அப்ப ஊரிலேயே கிடக்கச் சொல்லுதியா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் கடைத்தெரு மூழ்கியதையும், பாலம் சேதமாகி ஊர் துண்டிக்கப்பட்டதையும் மறக்க முடியுமா? சரக்கும் முதலும் போன வீட்டுப் பிள்ளை பிழைக்க வழி தேடத்தான் செய்வான்.

ஒரு காலத்தில் அரபு நாட்டுக்காரர்கள் நம்ம கரைக்கு வந்தார்கள். காயலில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். இன்று நாம் அங்கே போகிறோம். போகட்டும். விவரத்தோடு போகட்டும் என்பதுதான் என் கட்சி.

ஏஜெண்டு பதிவு செய்தவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 1800-11-3090 என்ற இலவச நம்பரில் கேட்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப தமிழக அரசே 1978-ல் ஒரு நிறுவனம் தொடங்கி நடத்திவருகிறது. பத்தாவது பாஸ் ஆகாதவர்கள் வளைகுடா போக குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டும். அது தொல்லை அல்ல, பாதுகாப்பு. "அது இல்லாமலே அனுப்புறேன்" என்கிறவரை நம்பாதீர்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏரல் பஸ் நிலையத்தில் இந்த விவரங்களை பெரிய எழுத்தில் போர்டு எழுதி வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து, பையன்கள் கொண்டுவரும் விசா காகிதத்தை சரிபார்த்துக் கொடுங்கள். சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1983 சட்டத்தில் போலி ஏஜெண்டுக்கு எழுதிய தண்டனை இரண்டு வருஷம் வரை ஜெயில், இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். லட்சம் லட்சமாக சுருட்டுகிறவருக்கு இரண்டாயிரம் எந்த மூலைக்கு?

டீக்கடைப் பையனிடம் இதெல்லாம் சொன்னேன். முகம் வாடிப்போச்சு. "சொந்தக்காரர்ணே, எப்படி கேக்கது?" என்றான்.

கேள் தம்பி! வேலைக் கடிதம் எங்கேன்னு கேள். பதிவு நம்பர் என்னன்னு கேள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேள். நல்ல சொந்தக்காரர் எடுத்து நீட்டுவார். முகத்தைச் சுளிச்சா, பணத்தைத் திருப்பிக் கேள். தரலைன்னா நேரே போலீஸ் நிலையத்துக்குப் போ.

கோபம் ஒரு மாசத்தில் ஆறிவிடும். கடன் ஆறாது.