டைனோசர் லாஜிக்

கேன்டீனில் கழுகு, புலின்னு பேச்சு வந்தாலே ஒருத்தர் ரெடியா இருப்பார். ‘டைனோசர்கூடத்தான் அழிஞ்சுது. அதெல்லாம் இயற்கை, விடு மச்சி!’

அவர்கிட்ட கேளுங்க பாஸ்: மனுஷன் சாகறதும் இயற்கைதான். அதுக்காகக் கொலை கேஸை மூடிடலாமா?

பாறு கழுகையே எடுத்துக்கங்க. 1990-களில் இந்தியாவில் கொத்துக்கொத்தாக மடிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் காலி பண்ணியதை 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை. இதில் இயற்கை எங்கே வந்தது?

நம்ம கட்சிக்காரங்களும் உஷார்! ‘கழுகு போனா உலகமே அழியும்’னு அடிச்சு விட்டா, ‘எங்கே, இன்னும் அழியலையே?’ன்னு மடக்கிடுவாங்க. செத்த மாட்டை இனி யார் தின்பான்னு மட்டும் கேளுங்க. தெருநாய்தான். வெறிநாய்க்கடி ஊசிக்கு யார் க்யூவில் நிற்கணும்னு அவரே கணக்குப் போடட்டும்.