அரசமரமும் பிராண வாயுப் புரட்டும்

அரசமரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதை பழங்கதை. அந்தச் சரக்குக்கு மவுசு குறைந்து போகவே, நமது வைதிகர்கள் அதன்மேல் விஞ்ஞானம் என்கிற புதுச் சீட்டை ஒட்டிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "அரசமரம் இராத்திரியிலும் பிராண வாயு விடுகிறது; அதனால்தான் முன்னோர்கள் சுற்றச் சொன்னார்கள்" என்கிறார்கள். கதிர்காமத்தில் படித்த வாலிபர்களே இதை நம்மிடம் சொல்ல நேர்ந்ததால் நாலு வார்த்தை எழுதுகிறோம்.

தோழர்களே! இலையிலுள்ள பச்சையம் சூரிய வெளிச்சத்தைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியால் வேர் கொண்டுவந்த தண்ணீர் பிளக்கப்படுகிறது. அதிலுள்ள பிராண வாயு வெளியே போகிறது. மிஞ்சிய ஹைட்ரஜனையும், காற்றிலிருந்து வாங்கிய கரியமில வாயுவையும் கொண்டு இலை சர்க்கரை செய்கிறது. வெயிலின் சக்திதான் அந்தச் சர்க்கரையில் அடங்கிக் கிடக்கிறது. சூரியனுடையதையும் கதிர் என்கிறோம். நெல்லினுடையதையும் கதிர் என்கிறோம். முன்னது பின்னதாவது இலைக்குள்ளேதானே ஒழிய மந்திரத்திலல்ல.

ஆகவே, வெளிச்சமில்லையேல் பிராண வாயு இல்லை. இங்கன்ஹவுஸ் என்னும் டாக்டர், தண்ணீரில் போட்ட இலைகள் வெயிலில் குமிழி விடுவதையும், இருட்டில் அது நின்றுபோவதையும் 1779லேயே காட்டிவிட்டார். சந்தேகமுள்ளவர்கள் குளத்து வேலம்பாசியைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுப் பார்க்கலாம். இராத்திரியில் அரசமரமும் நம்மைப்போல் பிராண வாயுவை உட்கொண்டு கரியமில வாயுவையே விடுகிறது. கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இரவில் கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்து வைக்கின்றன. அவைகூடப் பிராண வாயு விடுவது பகலில்தான்.

பகலில் பிராண வாயு விடுவதில் அரசமரத்துக்கும் புளியமரத்துக்கும் என்ன பேதம்? ஒன்றில் சாமி, மற்றதில் பேய்! மனிதனுக்கு ஜாதி வைத்தவர்கள் மரத்துக்கும் வைத்தார்கள் என்பதல்லாமல் வேறென்ன?

வெறும் வாய்ப்பேச்சானால் விட்டுவிடலாம். 2021இல் கொரோனாக் காலத்தில், உத்தரப் பிரதேசத்து ஷாஜகான்பூர் மாவட்டத்தில் மூச்சுத் திணறிய ஏழைகள் அரசமரத்தடியில் வந்து படுத்தார்கள். அந்தக் காலத்தில் நம் கதிர்காமம் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பிழைக்க வைக்கக் குழாயும் டாக்டரும் நர்சும் வேண்டியிருந்தது, அரசமரம் போதவில்லை. சர்க்காரிடம் உரிமையோடு கேட்க வேண்டிய பிராண வாயுவை மரத்தடியில் தேட வைத்ததுதான் இந்தப் புரட்டின் பலன். யாருக்கு இலாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

மரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், பகலில் நிழலில் உட்காருங்கள். சுற்றாதீர்கள்!