புதிய வேப்பில் படியிறங்க வழி எங்கே?

பிரித்தானியாவில் 2025 ஜூன் 1 முதல், இழுத்து முடித்ததும் எறிந்துவிடும் ஒருமுறை வேப்களை, அதாவது மின்சிகரெட்டுகளை, விற்க முடியாது. தடை வந்தபிறகும் கடை அலுமாரிகளில் ஓர் இடம்கூடக் காலியாகவில்லை. அதே நிறங்களில், அதே உயரத்தில், அதே மாம்பழ, வத்தகப்பழ வாசனைகளோடு புதிய சாதனங்கள் வந்து நிறைந்துவிட்டன. அடிப்பக்கத்தில் சார்ஜ் போடும் துளை இருக்கிறது. வாய்வைக்கும் பகுதியைப் பிடித்து இழுத்தால், திரவமும் சூடேற்றும் கம்பிச்சுருளும் அடங்கிய பொட் தனியாகக் கழன்று வருகிறது. பற்றரியை மீண்டும் சார்ஜ் செய்ய முடிய வேண்டும், திரவத்தை மீண்டும் நிரப்பவோ மாற்றவோ முடிய வேண்டும், சுருளை மாற்ற முடிய வேண்டும், மாற்றுப் பொட் தனியாகவும் கிடைக்க வேண்டும் என்பவைதான் சட்டம் கேட்டவை. எல்லாமே இதில் உண்டு. சட்டம் கேட்டதை இது கொடுத்துவிட்டது. ஆனால் சிகரெட்டை விடவேண்டும் என்று கவுண்டருக்கு வந்து நிற்கிற மனிதருக்குத் தேவையானதை இது இன்னும் கொடுக்கவில்லை.

தெற்கு லண்டனில் கடை வைத்திருப்பவன் நான். இந்தச் சாதனங்களை விற்கிறேன், ஆனால் புகைப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டோடு வாழ்ந்து, கடைசி வருடங்களில் மூச்சுக்காகத் தவித்துப் போன அப்பாவின் மகன் நான். ஆகவே சுவை எப்படி, தொண்டையில் பிடிக்கிறதா என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலைக்குப் போகிறது, வாங்கியவர் அடுத்த கிழமை எதைக் கேட்டு வருகிறார் என்பவற்றைச் சொல்ல முடியும். ஒரு மின்சிகரெட்டை எடைபோட இவை சுவையைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஊரில் ரேடியோ திருத்தும் கடையில் வேலை பழகியவன் என்பதால் பழையதையும் புதியதையும் கழற்றிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம், லித்தியம் பற்றரி துளைபட்டால் தீப்பிடிக்கும். இரண்டிலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். வாயால் இழுக்கும்போது காற்றழுத்தம் மாறுவதை ஒரு சிறு உணரி கண்டுபிடித்து மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. பஞ்சில் ஊறிய திரவத்தைச் சுருள் சூடேற்றுகிறது. புரோப்பலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள் நான்கும் ஆவியாகி உள்ளே போகின்றன. என்னைக் கோபப்படுத்தியது பழையதன் பற்றரிதான். அதுவும் மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் அயன் பற்றரியே. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் ஒருமுறை வேப்களிலிருந்து இந்தப் பற்றரிகளை எடுத்துச் சோதித்து, நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கக்கூடியவை என்று 2023-இல் எழுதினார்கள். இவ்வளவு காலமும் சார்ஜ் போடும் துளையை வைக்காமல் விட்டதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுமில்லை. அதை இன்று பெரிய முன்னேற்றமாக விளம்பரம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

குப்பைக்காகத்தான் இந்தத் தடையே வந்தது. மெட்டீரியல் ஃபோக்கஸ் என்ற மறுசுழற்சி அமைப்பு, இந்த நாட்டில் கிழமைக்கு 13 லட்சம் வேப்கள் எறியப்படுவதாக 2022-இல் கணக்கிட்டது. அடுத்த வருடமே அது ஏறக்குறைய 50 லட்சமாகிவிட்டது. குப்பை லொறிகளில் நசுங்கித் தீப்பிடித்தவையும் உண்டு. புதிய வடிவம் இதைக் குறைக்குமா என்பதற்கு விடை என் விலைச்சீட்டிலேயே இருக்கிறது. ஒரு பொட்டோடு வரும் முழுச் சாதனமும், இரண்டு பொட் அடங்கிய பக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரே ஆறு பவுண்தான். இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பலர் புது நிறத்தில் முழுச் சாதனத்தையே எடுக்கிறார்கள். பழையதைத் திரும்பப் பெறும் பெட்டி கடையில் இருக்கிறது. சட்டப்படி இருக்கவும் வேண்டும். அதற்குள் விழுகிறவற்றில் பெரும்பாலானவை ஒரு தடவைகூடப் பொட் மாற்றப்படாதவை. மாற்றப்பட்டிருந்தால் சாதனம் ஒரு நிறத்திலும் பொட் இன்னொரு நிறத்திலும் இருக்கும்.

ஒன்றை மட்டும் புதியதன் பக்கம் நின்று சொல்கிறேன். பொட்டோடு சுருளும் மாறிவிடுவதால், ஒரே சுருள் கருகிக் கருகி வெகுநாள் வேலை செய்யும் நிலை இல்லை. அளவுக்கு மீறிச் சூடேறினால் இந்தத் திரவத்திலிருந்து ஃபோர்மல்டிஹைட் போன்ற நச்சுப்பொருள் உண்டாகும் என்பது தெரிந்த விஷயம், ஆகவே இது நல்லதே. ஆனால் உலோகம் பற்றி நிறுவனங்கள் வாய் திறப்பதில்லை. டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் விற்பனையான ஒருமுறை வேப்கள் சிலவற்றைச் சோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் சிலவற்றின் ஆவியில் ஈயமும் நிக்கலும் இருந்தன. சில சாதனங்களில், ஈயம் கலந்த வெண்கல உறுப்புகளிலிருந்து ஈயம் திரவத்துக்குள் கரைந்திருந்தது. என் கையில் உள்ள புதிய சாதனத்தின் பெட்டியில் வாசனையின் பெயர் விரல் நீளத்துக்கு அச்சாகியிருக்கிறது. சுருள் எந்த உலோகம், அதைத் தாங்கும் உறுப்பு எந்த உலோகம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மாம்பழ வாசனையை மூக்கே சொல்லிவிடும். ஈயத்தை யார் சொல்வது?

இனி எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் சிகரெட் பிடித்த ஒரு பஸ் சாரதி, நம்மட ஊர்க்காரர், என் வாடிக்கையாளர். சிகரெட்டை விட்டு ஒருமுறை வேப்புக்கு மாறியவர். தடைக்குப் பிறகு வந்து புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“கீழ சார்ஜ் போடலாம் அண்ணை. மேல உள்ளதைக் கழட்டி மாத்தலாம்.”

“நிக்கொட்டின் குறைஞ்சது இருக்கோ?”

“இல்லை அண்ணை, வந்ததெல்லாம் இருபதுதான்.”

“அப்ப எனக்கு இதில என்ன புதுசு?”

இந்தக் கேள்வியைவிடச் சிறந்த மதிப்பீடு எனக்குத் தெரியாது. இருபது என்றால் ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம் நிக்கோட்டின். இந்த நாட்டில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். ஒரு பொட்டுக்குள் திரவம் 2 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது என்பதும் சட்டம். வேப் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி என்னிடம் நீட்டிய பட்டியலில் பக்கம் பக்கமாக வாசனைகள் இருந்தன. செறிவு மட்டும் எல்லாவற்றுக்கும் உச்ச அளவிலேயே நின்றது. நிக்கோட்டினை உப்பு வடிவில் தருவதால் அவ்வளவு செறிவும் தொண்டையை உறுத்தாமல் இறங்கிவிடுகிறது. நாளுக்கு ஒரு பக்கெட் சிகரெட் பிடித்தவர் முதல் மாதத்தில் திரும்பவும் சிகரெட்டுக்கு ஓடிவிடாமல் இருக்க இந்தச் செறிவு உதவும். அதை நான் மறுக்கவில்லை. ஆறாவது மாதத்திலும் அவருக்கு அதுவேதானா?

சிகரெட்டை நிறுத்த மின்சிகரெட் உதவுகிறது என்பதற்கு இங்கே எடுத்துக்காட்டப்படும் வலுவான ஆய்வு ஒன்று, 2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஒஃப் மெடிசினில் வந்தது. இங்கிலாந்தின் புகை நிறுத்தச் சேவைகளுக்கு வந்த 886 பேரில் ஒரு பகுதியினருக்கு மின்சிகரெட்டும், மற்றவர்களுக்கு ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்றவையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, மின்சிகரெட் குழுவில் 18 சதவீதம் பேரும் மற்றக் குழுவில் 9.9 சதவீதம் பேரும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். வேப் நிறுவனங்கள் இதைச் சொல்லிக்காட்டும். அதே ஆய்வின் அடுத்த எண்ணை அவை சொல்வதில்லை. அப்படி விட்டவர்களில், மின்சிகரெட் குழுவினர் 80 சதவீதம் பேர் வருட முடிவிலும் மின்சிகரெட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மற்றக் குழுவில் தங்களுக்குத் தந்ததைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் கொடுத்தது, திரவம் ஊற்றி நிரப்பும் சாதனமும் ஒரு போத்தலும்தான். அடுத்த போத்தலை விரும்பிய செறிவில் அவர்களே வாங்கிக்கொள்ளலாம். இன்று என் அலுமாரியை நிறைத்திருக்கும் பூட்டிய பொட் அதுவல்ல.

சாரதி அண்ணைக்கு நான் எடுத்துக் கொடுத்தது, இளைஞர் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத, திரவம் ஊற்றும் பழைய பாணிச் சாதனம். அதற்கான 10 மில்லிலீற்றர் போத்தல்கள் 18, 12, 6, 3 என்று இறங்கிச் சுழியம் வரை வருகின்றன. மாடிப்படிபோல ஒவ்வொன்றாக இறங்கலாம். அவசரப்படவும் கூடாது. செறிவைச் சட்டென்று குறைத்தால் சிலர் அதை ஈடுகட்ட நீளமாக, அடிக்கடி இழுப்பார்கள். அண்ணை பன்னிரண்டில் வெகுநாள் நின்று, பிறகு ஆறுக்கு வந்தார். அந்தச் சாதனத்தில் திரையும் இல்லை, மின்னும் விளக்கும் இல்லை. போத்தல் என் கடையில் மூன்றரைப் பவுண். பொட் ஒன்றுக்கு மூன்று பவுண், அதில் இருப்பதோ 2 மில்லிலீற்றர். கணக்கு அண்ணைக்கு உடனே விளங்கியது.

திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விலை கூடிய மேம்பட்ட வகைகளில் திரை வந்துவிட்டது. பற்றரி எவ்வளவு, திரவம் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். அமெரிக்கச் சந்தையில் விளையாட்டுகள் ஏற்றிய திரைகளே உண்டு. ஒவ்வோர் இழுப்பையும் உணரக்கூடிய கருவிக்கு, இன்று எத்தனை இழுப்பு, போன மாதத்தைவிடக் கூடவா குறையவா என்று காட்டுவது பெரிய வேலையே அல்ல. புகையை விட முயல்கிற ஒருவருக்கு அந்த ஒற்றை எண் எவ்வளவு உதவும்! பெட்டியின் மேல் 600, 6,000 என்று போடும் இழுப்புக் கணக்கோ இயந்திரம் இழுத்து எடுத்த கணக்கு. மனிதர் இழுக்கும் நீளம் வேறு.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இதை விற்பது இங்கே 2015 முதல் குற்றம். சீருடைப் பைக்குள் மறையும் அளவும், மிட்டாய் நிறமும் மாறாதவரை எந்தப் புதிய பதிப்பையும் மேம்பட்டது என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, விடுமுறைக்குப் போகும்போது நண்பர்களுக்குப் பரிசாக வாங்க வருகிற பிள்ளைகளிடமும் சொல்லியே அனுப்புகிறேன். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாமே தடை. முதல் குற்றத்துக்கே ஒரு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபா வரை அபராதமோ, இரண்டுமேயோ கிடைக்கலாம்.

அரசாங்கத்திடம் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. 2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்துக்கு 10 மில்லிலீற்றருக்கு 2.20 பவுண் வரி. 2024 மார்ச்சில் முந்தைய அரசாங்கம் அறிவித்த திட்டத்தில், நிக்கோட்டின் இல்லாததற்கு ஒரு பவுண், குறைந்த செறிவுக்கு இரண்டு, கூடிய செறிவுக்கு மூன்று என்று படி இருந்தது. அடுத்து வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே வரியாக்கிவிட்டார்கள். என் கடை விலையில் போட்டுப் பாருங்கள். இருபது செறிவுள்ள மூன்று பவுண் பொட்டுக்கு ஏறுவது 44 பென்ஸ். மூன்றரைப் பவுண் போத்தலுக்கு ஏறுவது 2.20 பவுண், அது சுழியச் செறிவாக இருந்தாலும். பெறுமதி சேர் வரி இவற்றின் மேலும் ஏறும். குப்பையையும் குறைத்து நிக்கோட்டினையும் குறைக்கிற வழி எதுவோ, அதன் மேல்தான் கூடிய சுமை விழுகிறது. வரியை நிக்கோட்டின் அளவுக்கு ஏற்பப் படிகளாக்குங்கள் என்று எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். வேப் பெட்டியில் சுருளின் உலோகத்தை அச்சிடுவதைக் கட்டாயமாக்கும்படியும் கேட்டிருக்கிறேன்.

இந்த நாட்டில் மூலைக்கு மூலை நம்மவர்களின் கடைகள் இருக்கின்றன. அடுத்தமுறை பிரதிநிதி பட்டியலோடு வரும்போது வாசனைப் பக்கத்துக்குப் போக முன், பத்துச் செறிவில் பொட் இருக்கிறதா, ஐந்தில் இருக்கிறதா என்று எல்லோரும் கேளுங்கள். இல்லை என்றால் எப்போது வரும் என்று கேளுங்கள். ஊற்றும் போத்தல்களைக் கவுண்டருக்குப் பின்னால் கண்மட்டத்தில் வையுங்கள். முழுச் சாதனத்தைக் கேட்பவரிடம், “பழசு வேலை செய்யுதோ? அப்ப பொட் மட்டும் காணும்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லத் தொடங்கிய பிறகு சாதன விற்பனை குறைந்தது உண்மை. பொட்டும் போத்தலும் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், கூடவே பாலும் பாணும் வாங்கிப் போகிறார்கள்.